179-ஆல் வகுபடும்

நவம்பர் 8, சனி

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்த துணி மொத்தமும் கூடத்துக் கொடியில். குனிந்து குனிந்து நடந்து இடுப்பு போச்சு. பள்ளிக்கூடம் அரைநாள். பத்தாம் வகுப்பு கணக்கு பேப்பர் ஒரு கட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது, நாலுதான் திருத்தியிருக்கிறேன்.

செய்ய: கேஸ் புக் பண்ண. ருக்சானாவுக்கு ஸ்கூல் ஷூ (முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது). இவருடைய வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி. மாமிக்கு (இவர் அம்மா) போன், மறந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிக் காட்டும்.

இவர் தானாக எழுந்து, ஷேவ் பண்ணிக்கொண்டு, "சபீ, இட்லி இருக்கா?" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கேட்டு வாங்கி! காலேஜில் செக்‌ஷனைக் குறைத்து வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்த மனுஷன். மூன்று வருஷம். மாத்திரை, டாக்டர், மாமியின் ஓதிப் பார்த்த தண்ணீர், எல்லாம் ஆச்சு. சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் வந்தால் எழுந்திருப்பார், அவர்கள் போனதும் படுத்துவிடுவார். வீட்டில் ஆம்பளை இருக்கிறாரா இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கும் அளவுக்குப் போனது. கேட்டவளை நான் விட்ட டோஸில் அவள் இன்றைக்கும் என்னிடம் பேசுவதில்லை. நல்லதாப் போச்சு.

இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்த எண்தான் காரணம். இரண்டை 9689 தடவை பெருக்கி, ஒன்று கூட்டி, மூன்றால் வகுத்தது. 2917 இலக்கம். 1594 என்று ஆரம்பித்து 1-ல் முடிகிறது. அது பகா எண் என்கிறார், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாதாம்.

இவருடைய விதி சுலபம். இரண்டின் அடுக்கில் ஒன்றைக் கழித்துப் பகா எண் கிடைத்தால், அதே அடுக்கில் ஒன்றைக் கூட்டி மூன்றால் வகுத்தாலும் பகா எண். ஐந்தாவது அடுக்கு 32. கழித்தால் 31. கூட்டினால் 33, மூன்றால் வகுக்க 11. இரண்டுமே பகா எண். இதற்கு "ஜோடி" என்று பெயர் வைத்திருக்கிறார். 3, 5, 7, 13, 17, 19, 31, 61 என்று எந்த அடுக்கை எடுத்தாலும் ஜோடி சரியாக விழுகிறது. 9689-ஆம் அடுக்கில் ஒன்று கழித்தால் பகா எண் என்பது பழைய செய்தி. அதன் ஜோடி தன்னுடையது என்கிறார்.

அந்த எண்ணை ஒன்றும் சைபருமாக எழுதினால் ஒன்று சைபர் ஒன்று சைபர் என்று மாறி மாறிப் போய், கடைசியில் மட்டும் இரண்டு ஒன்று. இதைக் கவனித்துச் சொன்னது நான். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன். அன்றைக்கு இவர் என்னைப் பார்த்த பார்வை, கல்யாணமான புதிதில் பார்த்தது.

வெள்ளிக்கிழமை அண்ணாமலை நகரில் கருத்தரங்கு. இவருக்குப் பதினைந்து நிமிஷம்.


நவம்பர் 9, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மத்தி மீன் குழம்பு. உப்பு ஜாஸ்தி, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பகல் ஹமீது அண்ணன் வந்தது. என் கூடப்பிறந்தது, ஓ.டி. (பழைய டவுன்) பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கிறது. கையில் சுருட்டிய ஃப்ளெக்ஸ். விரித்தால் எட்டடி. இவர் கோட்டு போட்ட பழைய போட்டோ, கீழே "கணித மாமேதை", அதற்கும் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி எண்.

"மச்சான், தெருமுனையில கட்டிடலாம். பைபாஸ்ல போறவன்லாம் நின்னு படிக்கணும்."

"யாரு நின்னு ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் நம்பரப் படிப்பான்?" என்றேன்.

"அதான் தங்கச்சி, டிசைனர் பையன் சொன்னான், எடம் பத்தலன்னு. கடைசி ரெண்டு லைன எடுத்துட்டோம். யாருக்குத் தெரியப் போவுது?"

இவர் முகம் போன போக்கைப் பார்க்கணும். ஒரு நொடிதான். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "இப்ப இது ரெட்டைப்படையா ஒத்தைப்படையான்னே தெரியாதே மச்சான்" என்று மறுபடி சிரித்தார். ருக்சானா என்னைப் பார்த்தது. அவளுக்கு ஆறேழு வயசிலிருந்து அத்தா சிரித்த நினைவே இல்லை போல. இந்தச் சிரிப்பைக் காப்பாற்றிக் கொடு ரப்பே என்று மனசுக்குள் கேட்டேன்.

ஃப்ளெக்ஸ் இப்போது பரண்மேல். கட்டக் கூடாது என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன்.


நவம்பர் 10, திங்கள்

இன்றைக்கு எழுத்து கோணலாக வரும்.

குழந்தைகள் தின விழாவுக்கு டான்ஸ் ஒத்திகை என்று மூன்றாம் பீரியட் வகுப்பு காலி. ஸ்டாஃப் ரூமில் நானும் கெமிஸ்ட்ரி மிஸ்ஸும். அவள் வெங்காயம் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து இவருடைய கட்டுரையை எடுத்தேன். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

எழுத்துப் பிழை பார்க்கத்தான் எடுத்தேன் என்று எழுத வந்தேன். பொய். எம்.ஃபில்லில் நான்தான் முதல் மார்க். இவர் எனக்கு இரண்டு வருஷம் சீனியர், என் நோட்டைக் கடன் வாங்கிப் படித்தவர். அப்புறம் கல்யாணம், ருக்சானா, மாமிக்கு இடுப்பு ஆபரேஷன். பி.எச்.டி. என்ற பேச்சை எடுத்தாலே "இப்ப என்னா அவசரம்" என்பார்கள். இப்போது இவர் ஒரு எண்ணோடு மேடை ஏறப் போகிறார். எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்காதா என்றுதான் எடுத்தேன். இதை வேறு யாரிடம் சொல்ல முடியும்?

61 வரைக்கும் வகுத்தே நிரூபித்திருக்கிறார். அதற்கு அடுத்தது 89. அங்கே மட்டும் "சோதனையில் தேறியது" என்று ஒரே வரி. எனக்குச் சுருக்கென்றது. 89-ஐ இரட்டித்து ஒன்று கூட்டினால் 179. அதுவும் பகா எண். எம்.ஃபில்லில் படித்தது எங்கேயோ அடியிலிருந்து மேலே வந்தது.

கரும்பலகை, சாக்பீஸ்கூட வேண்டாம், பேப்பர் ஓரத்திலேயே போட்டேன். 179-ஆல் வகுத்து மீதி மட்டும்:

இரண்டின் 11-ஆம் அடுக்கு: மீதி 79.
22: மீதி 155, அதாவது 179-க்கு 24 குறைவு.
44: மீதி 39.
88: மீதி 89.
89: மீதி 178.

ஒன்று கூட்டு. 179. மீதி பூஜ்யம்.

வகுபடுகிறது. 89-ல் ஜோடி உடைந்துவிட்டது. விதியே போச்சு.

எனக்கு வந்தது சந்தோஷம். அப்படியே பொங்கிக்கொண்டு வந்தது, உடம்பெல்லாம். பதினாலு வருஷமாக அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்துச் செத்துப்போயிருந்த ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்த மாதிரி. "என்ன மிஸ், தனியா சிரிக்கிறீங்க?" என்றாள் கெமிஸ்ட்ரி. அப்போதுதான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்றே தெரிந்தது. அடுத்த நிமிஷம் வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

சோதனை ஏன் தேறியது என்பதும் புரிந்துவிட்டது. ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், இரண்டை அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதனாலேயே வகுக்க, மீதி ஒன்று வரும். வந்தது, ஆகவே பகா எண் என்று முடிவு கட்டிவிட்டார். ஆனால் இந்த எண்ணே இரண்டைப் பெருக்கிப் பெருக்கிச் செய்தது. இரண்டை வைத்துக் கேட்டால் அது எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்லும், பகா எண்ணோ இல்லையோ. பெண் எப்படி என்று பெண்ணின் அம்மாவிடமே விசாரித்த கதை. மூன்றை வைத்துக் கேட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

சொல்லவில்லை. இட்லிக்கு ஊறப் போட்டுவிட்டுப் படுத்தேன்.


நவம்பர் 11, செவ்வாய்

மழை. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்களாம். பால்காரர் சொன்னது.

89 தப்பினாலும் பெரிய எண் தப்பாமல் இருக்கலாம் இல்லையா? விதி பொய்யானாலும் அந்த ஒரு எண் மட்டும் நிஜமான பகா எண்ணாக இருந்துவிட்டால்? காலையிலிருந்து இதே நினைப்பு. சாம்பாரில் இரண்டு தடவை புளி ஊற்றினேன்.

சாயங்காலம் இவர் டியூஷனில் இருக்க, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். 9689-ஐ நாலால் வகுக்க மீதி ஒன்று, 89 மாதிரியே. இரட்டித்து ஒன்று கூட்டினால் 19379. அது மட்டும் பகா எண்ணாக இருந்தால் எல்லாம் முடிந்தது, பெரிய எண்ணை அது வகுத்தே தீரும். 19379 வேறு எதனாலாவது வகுபட்டுத் தொலையணும் என்று வேண்டிக்கொண்டே ஒவ்வொன்றாக வகுத்தேன். ஏழு, மீதி மூன்று. பதிமூன்று, மீதி ஒன்பது. முப்பத்தொன்று, மீதி நாலு. வகுத்துக்கொண்டே போய் 139-ல் நின்றேன், அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. எதனாலும் வகுபடவில்லை.

ஆக, 2917 இலக்கமும் 19379-ஆல் வகுபடும். ஓர் ஐந்து இலக்க எண்.

கட்டுரையில் எழுதியிருக்கிறார்: "பத்தாயிரம் வரை எந்த எண்ணாலும் வகுபடவில்லை." வகுபடாது மச்சான். இந்த எண்ணை வகுக்கிற எதுவும் 19379-க்குக் கீழே இருக்கவே முடியாது. இன்னும் அத்தனை தூரம் போயிருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள். பாதி வழியில் திரும்பிவிட்டீர்கள்.

இன்றைக்கு அழுகைதான் வந்தது. நேற்றைய சந்தோஷத்துக்கு அபராதம்.

இவர் முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "எப்படி இருக்கு?" என்றார். "மாப்பிள்ளை மாதிரி" என்றேன். ருக்சானா ஓ என்று கத்தியது.


நவம்பர் 12, புதன்

பேப்பர் பதினெட்டு முடிந்தது. ஒரு பையன் விடைக்குப் பதிலாக "மிஸ் மன்னிக்கவும்" என்று எழுதியிருக்கிறான். அரை மார்க் போட்டேன்.

ஹமீது அண்ணனுக்கு போன். விஷயத்தைச் சொன்னேன். "அங்க ஒக்காந்திருக்கிறவனுக்கெல்லாம் இது தெரியுமா?" என்று கேட்டது. துறைக்காரர் யாராவது இருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்றேன். "அப்ப போறதுக்கு முன்னாடி சொல்லிடு தங்கச்சி. வெளியாளு சொன்னா மச்சான் தாங்காது." எனக்கும் தெரியும். தெரிந்து?

சாயங்காலம் இவரே கூப்பிட்டார், தேவனாம்பட்டினம் போய்க் கடலைப் பார்க்கலாம் என்று. வண்டியில் போனோம். அலை கரைக்கு மேலே ஏறி அடிக்கிறது. படகெல்லாம் மேலே இழுத்துப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஒருத்தர் எங்களைப் பார்த்து, "தண்ணி கிட்ட போவாதீங்க சார், இன்னிக்கி அதுக்குக் குணம் சரியில்ல" என்றார். சுண்டல் வாங்கி வண்டியிலேயே உட்கார்ந்து தின்றோம்.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் பேசினார்.

"சபீ, ஒண்ணு சொல்லட்டுமா? அந்த ரெண்டு மூணு வருசம், காலையில கண்ண முழிச்சா எதுக்குடா முழிச்சோம்னு இருக்கும். இப்ப முழிச்சதும் நம்பர் ஞாபகம் வருது. யாராலயும் ஒடைக்க முடியாத ஒண்ணு எங்கிட்ட இருக்குன்னு இருக்கு."

"சுண்டல்ல மாங்காயே போடல" என்றேன். அவ்வளவுதான் என் வாய்க்கு வந்தது. ஊருக்கெல்லாம் வெடுக்வெடுக்கென்று பேசுகிற வாய், வேண்டிய நேரத்தில் மாங்காயைத் தேடுகிறது.

புயல் வரட்டும். கலெக்டர் லீவு விடட்டும். கருத்தரங்கே வேண்டாம் என்று தள்ளிப்போகட்டும். இஷா தொழுகையில் இதைத்தான் கேட்டேன். மீன்பிடிக்கிறவர்கள் வயிற்றில் அடிக்கிற துஆ. ஆனாலும் கேட்டேன்.


நவம்பர் 13, வியாழன்

பள்ளிகளுக்கு லீவு. காலை ஆறு மணிக்கே ருக்சானா குதித்தது. பல்கலைக்கழகத்துக்கு லீவு இல்லை. கருத்தரங்கு உண்டு என்று இவருக்கு மெசேஜ் வந்துவிட்டது. என் துஆவில் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டான்.

பத்து மணிக்கு லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில் தலைப்பு. கீழே பெயர்கள். முதலில் என் பெயர். டிகிரியோடு. இரண்டாவது இவர்.

"அந்த ஒண்ணு சைபர் விசயத்த நீதான சொன்னே? அதுலேர்ந்துதான் எனக்கு வழியே கெடச்சுது. ஒம் பேரு மொதல்ல வரட்டும். எத்தன வருசம் காத்துக் கெடக்குறே."

இதற்கு மேல் எந்த முட்டாளாலும் சும்மா இருக்க முடியாது. "மச்சான், 89-ஐப் பாருங்க" என்றேன்.

"89-க்கு என்னா?"

"179-ஆல வகுபடுது. பெருசும் வகுபடும். 19379-ஆல."

பேனாவும் பேப்பரும் எடுத்தார். 79, 155, 39, 89, 178. நான் போட்ட அதே வரிசை. கடைசியில் ஒன்று கூட்டி, 179 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கணக்கு வாத்தியார் பழக்கம், சரியான விடைக்குப் போடும் வட்டம். அப்புறம் மெஷினில் பெரிய எண்ணை 19379-ஆல் வகுத்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை. மீதி 0.

"எப்பத் தெரியும்?"

"திங்கக்கெழம."

"இன்னிக்கி வியாழன்."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"நேத்து கடற்கரையில என்னென்னமோ பேசினேனே சபீ. அப்பவும் தெரியுமா?"

தலையை ஆட்டினேன்.

"நம்பர் போனா போவுது. நான் முடி வெட்டிக்கிட்டு வந்து நிக்கிறேன், நீ பாத்துக்கிட்டே இருந்திருக்கே." அப்புறம் ரொம்ப மெதுவாக, "கண்டுபிடிச்சப்ப சந்தோஷப்பட்டியா?"

பேனாவை எடுத்து மூடி போட்டேன். என் முகத்தைப் பார்த்தார். லேப்டாப்பை மூடிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பி.

மத்தியானம் சோறு அப்படியே. டியூஷன் பிள்ளைகள் மழையில் நனைந்து வந்து நின்றதுகள். சாருக்கு உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன்.


நவம்பர் 14, வெள்ளி

காலை கஞ்சி போட்ட சட்டையை எடுத்து வைத்தேன். திரும்பவே இல்லை. "போன் பண்ணி வரலன்னு சொல்லிடவா?" என்றேன்.

"ஒம் பேருதான மொதல்ல இருக்கு. நீ போ."

குத்தலா, நிஜமாகவா? இரண்டும்தான். எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் இன்றைக்கும் லீவு, ருக்சானாவை ஹமீது அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஆலப்பாக்கம் தாண்டி இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர். பின் சீட்டில் ஓர் அம்மா போனில் யாரையோ, "அவுங்க வருவாங்கன்னு நீ எதுக்குடி சோறு வடிச்சே, கேட்டுக்கிட்டு வடிக்கக் கூடாதா?" என்று திட்டிக்கொண்டே வந்தாள். சிதம்பரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ.

துறையில் அதே மர பெஞ்சு, அதே மின்விசிறி சத்தம். நாற்பது பேர் இருக்கலாம். பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். கட்டுரையில் சொன்னது தப்பு, அதைத் திரும்பப் பெற வந்திருக்கிறோம் என்றேன். சலசலப்பு. அப்புறம் பலகையில் போட்டேன். ஜோடி எங்கே எல்லாம் விழுகிறது, 61 வரை ஏன் நம்பத் தோன்றுகிறது, 89-ல் எப்படி உடைகிறது, இரண்டின் எண்ணுக்கு இரண்டையே சாட்சி கேட்டால் ஏன் பொய்ச்சாட்சி. பெண்ணின் அம்மாவை விசாரித்த கதையைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். பதினைந்து நிமிஷம் போனதே தெரியவில்லை.

முடிந்ததும் கைதட்டு. பேராசிரியர் மேடம் (புதிதாக வந்தவர், எனக்குப் பழக்கமில்லை) டீ நேரத்தில் கூப்பிட்டார். "179 பழைய கதைதாம்மா. புத்தகத்துலயே இருக்கு. ஆனா நீங்க சொன்ன விதம் இருக்கே, பசங்க எல்லாரும் நிமிந்து ஒக்காந்தாங்க. எம்.ஃபில் இங்கதானா? எங்கிட்ட பார்ட் டைம் பி.எச்.டி.க்கு ஒரு எடம் இருக்கு. சேர்றீங்களா?"

"சேர்றேன் மேடம்."

யோசிக்கவே இல்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. வடை ஒன்று தின்றேன், இன்னொன்றும் தின்றேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம். சாரல் முகத்தில் அடிக்க அடிக்க உட்கார்ந்து வந்தேன். வெட்கமில்லாத சந்தோஷம்.

வீட்டில் விளக்குப் போடவில்லை. இவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். "என்னா சொன்னாங்க?"

"மழையில கூட்டமே இல்ல. சும்மா முடிச்சுட்டாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சுவரைப் பார்த்துப் படுத்தவரிடம் கைதட்டைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். இரக்கம் என்று எழுதலாம். முழுசாக இரக்கமும் இல்லை.


நவம்பர் 16, ஞாயிறு

வெயில். நேற்று எழுத முடியவில்லை. கொடியெல்லாம் வெளியே போனது. பேப்பர் முடிந்தது, ஏழு பேர் ஃபெயில்.

இவர் நேற்றும் இன்றும் பாதி சாப்பாடு. ஆனால் எழுந்து நடமாடுகிறார். டியூஷன் எடுத்தார். என்னோடு வேண்டியதற்கு மட்டும் பேச்சு. "தண்ணி." "சாவி எங்க." நல்ல நாள் பார்த்து மேடம் விஷயத்தைச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்கு. அல்லது மாமி வந்துவிட்டுப் போனபிறகு.

பதினொரு மணிக்கு இவர் போன் அடித்தது. கட்டுரையில் கொடுத்தது இவர் நம்பர். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்தில் இவர் குரல்: "ஆமா மேடம்... ஆமா, அவுங்க ஹஸ்பண்டுதான்... அப்படிங்களா... ரொம்ப சந்தோஷம் மேடம்... இல்ல, எனக்கு... இருங்க, குடுக்குறேன்."

சமையலறை வாசலில் வந்து நின்று போனை நீட்டினார். என் கையெல்லாம் செதில். நைட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். எந்தத் தேதிக்குள் விண்ணப்பம், யார் யார் கையெழுத்து, எல்லாம் மேடம் சொன்னார். ம், ம் என்றேன். வைத்தேன்.

இவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஹாலே கைதட்டுச்சாமே."

நான் மறுபடி மீனைக் கையில் எடுத்தேன்.

"அன்னிக்கே சேர்றேன்னு சொல்லிட்டியாமே. எனக்கு எப்பத் தெரியும் இது? இன்னும் நாலு நாளு கழிச்சா?"

சொல்லலாம்னுதான் இருந்தேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதே வார்த்தை. விழுங்கினேன். மீனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து சொன்னேன். "பட்டேன் மச்சான். திங்கக்கெழம 179 விழுந்தப்ப சந்தோஷப்பட்டேன். தனியா சிரிச்சேன். வெள்ளிக்கெழமையும் சந்தோஷப்பட்டேன். ஒங்ககிட்ட சொன்னா ரெண்டும் போயிடும்னு பயந்தேன். அதான் சொல்லல."

கோபப்படுவார் என்று பார்த்தேன். பட்டிருந்தால் தேவலை. கதவு நிலையில் சாய்ந்து மீனைப் பார்த்தார்.

"179-ஐ எங்கிட்ட அன்னிக்கே காட்டியிருந்தீன்னா, நானும் சிரிச்சிருப்பேன் சபீ. நானும் கணக்குப் படிச்சவன்தான."